லிட்டருக்கு எட்டு ரூபாய் பொறுமை

ஓட்டலில் சர்வர் "சாதா தோசையா, நெய் ரோஸ்டா?" என்று கேட்டால் கூச்சப்படாமல் சாதா என்று சொல்லிவிடுவேன். சர்க்கரை, கொழுப்பு, டாக்டர் என்று பழிபோட ஆள் இருக்கிறது. பெட்ரோல் பங்கில் பையன் "சாதாவா சார், பிரீமியமா?" என்று கேட்கும்போதுதான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. பின்னால் நான்கு வண்டி நிற்கிறது. பக்கத்துத் தெருக்காரர் ஸ்கூட்டரில் உட்கார்ந்து என் வாயையே பார்க்கிறார். டர்போ கார் வாங்கிவிட்டேன் என்று அவர் வீட்டுக்கு மைசூர்பாகு கொடுத்து அனுப்பியவன் நான். இனி அவர் காதுபட "சாதா" என்று எப்படிச் சொல்வது? "பிரீமியம்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

இத்தனைக்கும் என் கார் ஒன்றும் ராட்சசன் இல்லை. 999 சிசி, மூன்று சிலிண்டர், ஒரு டர்போ. இதற்கு முன்னால் இருந்த பழைய காரில் 1200 சிசி, நான்கு சிலிண்டர். புது வண்டி வந்த அன்று என் மனைவி ஆர்சி புத்தகத்தைப் படித்துவிட்டு, "ஏங்க, மூணு லட்சம் கூடப் போட்டு சின்ன எஞ்சினா வாங்கிட்டு வந்திருக்கீங்க? முக்கா கிலோ தக்காளியை ஒரு கிலோன்னு வாங்கிட்டு வர்ற ஆளுதானே நீங்க" என்றாள். டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் விசிறி, நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும், அதனால் சின்ன எஞ்சினும் பெரிய எஞ்சின் வேலையைச் செய்யும் என்று ஷோரூம் பையன் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். "அப்ப நம்ம வீட்டு மிக்ஸிய விட வேகம்" என்று ஒரே வரியில் அந்த விஞ்ஞானத்தை முடித்துவிட்டாள்.

பிரீமியம் பெட்ரோல் விதையை என் தலையில் ஊன்றியவன் என் மச்சினன். "மாமா, டர்போ வண்டிக்கு சாதா பெட்ரோல் போடறது, பட்டு வேட்டி கட்டிக்கிட்டு ரப்பர் செருப்பு மாட்டற மாதிரி" என்றான். அவனிடம் கார் கிடையாது. பதினைந்து வருட பைக் ஒன்று இருக்கிறது. அதற்கு அவன் நூறு ரூபாய்க்கு மேல் பெட்ரோல் போட்டு நான் பார்த்ததில்லை. இருந்தாலும் அவன் சொன்னது சேலத்து வெயிலில் என் மனசில் நன்றாக முளைத்தது.

முதல் நாள் டேங்கை நிரப்பிக்கொண்டு ஐந்து ரோட்டிலிருந்து ஜங்ஷன் வரை ஓட்டினேன். அடடா! மிதித்த மாத்திரத்தில் கிளம்புகிறது. சத்தமே இல்லை. ஸ்டியரிங்கூட இலேசாகிவிட்ட மாதிரி இருந்தது. பெட்ரோலுக்கும் ஸ்டியரிங்குக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் வர்ணித்தேன். மனைவி கணக்கு நோட்டில் எழுதுவதற்காக பில்லை வாங்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் பில்லைப் பார்த்தாள்.

"இதுல சாதா விலைதானே போட்டிருக்கு?"

நான் ஜீரோவைப் பார்த்தேனே ஒழிய, பையன் கையில் எடுத்த குழாயைப் பார்க்கவில்லை. ஜங்ஷன் வரை நான் அனுபவித்த பட்டுப் போன்ற இழுவை முழுவதும் சாதா பெட்ரோலின் உபயம்.

இந்த அவமானத்தைத் துடைக்க விஞ்ஞானபூர்வமாக இறங்குவது என்று முடிவு செய்தேன். மூன்று டேங்க் சாதா, மூன்று டேங்க் பிரீமியம். ஒவ்வொரு முறையும் முழுக்க நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை லிட்டரால் வகுத்து ஒரு டைரியில் எழுதினேன். சாதாவுக்கு லிட்டருக்கு 15.8 கிலோமீட்டர் வந்தது. பிரீமியத்துக்கு 16.9. கல்லூரியில் ஆட்டோமொபைல் படிக்கும் மகளிடம் டைரியை வெற்றிச் சிரிப்போடு நீட்டினேன்.

"எந்தத் தேதியில பிரீமியத்துக்கு மாறினீங்கப்பா?"

சொன்னேன்.

"அன்னிக்குத்தான் நான் நாலு டயருக்கும் காத்து அடிச்சேன். 26ல கிடந்தது, 33 வெச்சேன். சாதா ஓட்டினது மே மாசம், ஏசி ஃபுல்லா ஓடிச்சு. பிரீமியம் ஓட்டினது மழை பிடிச்சப்புறம்." டைரியை மூடி என் கையில் கொடுத்தாள். கோபமாகக் கொடுத்திருந்தால்கூடத் தேவலை. இரக்கத்தோடு கொடுத்தாள்.

உண்மையைத் தெரிந்துகொள்ள கோரிமேடு பக்கம் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் போனேன். முப்பது வருடமாக எஞ்சின் பிரித்தவர். "பிரீமியம் போட்டா பவர் ஏறுமாண்ணே?" என்றேன். கையைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன்.

சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து அழுந்திக்கொண்டிருக்கும்போது பிளக் பொறி வைக்கிறது. சரவெடியில் ஒரு முனையில் பற்றவைத்தால் வரிசையாக வெடித்துக்கொண்டு போவதுபோல, தீ ஒரு பக்கத்திலிருந்து ஒழுங்காகப் பரவ வேண்டும். ஆனால் அழுத்தமும் சூடும் அதிகமானால், தீ இன்னும் வந்து சேராத மூலையில் இருக்கும் கலவை தானாகவே பற்றிக்கொள்ளும். சரம் முழுவதும் ஒரே நேரத்தில் வெடித்த கதை. கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடுமுன்பே போய் இலைக்கு முன்னால் உட்காரும் சொந்தக்காரர்களை நினைத்துக்கொள்ளுங்கள். சாம்பார் வாளி ஒருபக்கம், பாயசம் ஒருபக்கம், ஒரே இடிபாடு. எஞ்சினில் இதற்கு நாக்கிங் என்று பெயர். 'கிண் கிண்' என்று கேட்கும், பிஸ்டனையும் கெடுக்கும். டர்போ காற்றைத் திணித்து அழுத்தத்தை ஏற்றுவதால் இந்த ஆபத்து அதற்குக் கூடுதல்.

அழுத்தம் எவ்வளவு வந்தாலும் பொறி வரும்வரை பற்றிக்கொள்ளாமல் காத்திருக்கும் குணத்தைத்தான் ஆக்டேன் எண் அளக்கிறது. உள்ளே இருக்கும் சக்தி எவ்வளவு என்று அது சொல்வதே இல்லை. ஆக நான் லிட்டருக்கு எட்டு ரூபாய் கூடக் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தது பொறுமை. நான்! சிக்னலில் சிவப்பு விளக்கு பச்சையாகுமுன் ஹாரன் அடிக்கிற ஆசாமி, டேங்க் டேங்க்காகப் பொறுமை வாங்கியிருக்கிறேன்.

இந்த அளவுகோலை 1926ல் கிரஹாம் எட்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் வகுத்தார். சட்டென்று வெடித்துவிடும் ஹெப்டேனுக்குப் பூஜ்யம், நிதானமான ஐசோ-ஆக்டேனுக்கு நூறு. பூஜ்யத்துக்கான அந்த ஹெப்டேனை முதலில் கலிபோர்னியாப் பக்கத்து ஜெஃப்ரி பைன் மரத்துப் பிசினிலிருந்து வடித்தார்கள் என்று மகள் சொன்னாள். எங்கள் வீட்டு அளவுகோலில் மனைவி நூறு, பூஜ்யம் யாரென்று சொல்லத் தேவையில்லை.

"அப்ப டர்போவுக்குப் பிரயோசனமே இல்லையாண்ணே?"

"வண்டியப் பொறுத்தது சார்" என்றார். எஞ்சின் பிளாக்கில் நாக் சென்சார் என்று ஒரு சின்னக் காது இருக்கிறது. கிண் சத்தம் கிளம்பும்போதே அது எஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடும். கம்ப்யூட்டர் பொறியைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், வேண்டுமானால் டர்போவின் அழுத்தத்தையும் குறைக்கும். எஞ்சின் தப்பிக்கும், இழுவை கொஞ்சம் குறையும். நல்ல ஆக்டேன் போட்டால் இந்தப் பின்வாங்கல் தேவைப்படாது. ஆனால் 91க்கென்று கணக்குப் போட்டு வடிவமைத்த கம்ப்யூட்டருக்கு 95 கொடுத்தால், அது அந்த உபரியைப் பயன்படுத்திக்கொள்ளும்படி எழுதப்பட்டிருந்தால்தான் பலன். வெயில் காலத்தில், ஏசி போட்டு, ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு, குறைந்த வேகத்தில் மேடு ஏறும்போது வித்தியாசம் தெரிந்தால் தெரியலாம். "ஐந்து ரோட்டுல இருந்து ஜங்ஷனுக்குப் போறதுக்கு மண்ணெண்ணெய் தவிர எது போட்டாலும் ஒண்ணுதான்" என்றார்.

என்னைப் போன்ற ஆட்கள் கடல் கடந்தும் இருக்கிறார்கள் என்பது ஓர் ஆறுதல். சாதாவே போதும் என்று கம்பெனி சொன்ன கார்களில் பிரீமியம் ஊற்றி, அமெரிக்கர்கள் ஓராண்டில் வீணாக்கிய பணம் 210 கோடி டாலர் என்று அங்குள்ள வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2016ல் கணக்குச் சொன்னது. அடுத்த ஆண்டு, பிரீமியம் போடுவது நல்லது என்று கம்பெனியே பரிந்துரைத்த கார்களை எடுத்துச் சோதித்தார்கள். சராசரியாக மைலேஜ் 2.7 சதவீதம், குதிரைத்திறன் 1.4 சதவீதம் கூடியது. கூடியது உண்மை. ஆனால் நான் எட்டு சதவீதம் அதிகம் கொடுத்து 2.7 சதவீதம் திரும்ப வாங்கும் ஆள் என்பது நோட்டில் ஏறினால், அடுத்த மாதம் முதல் காய்கறி வாங்கும் பொறுப்பும் என்னிடமிருந்து பறிபோகும்.

இந்த அமெரிக்கக் கதையில் நான் இன்னொரு முறையும் வழுக்கினேன். நியூ ஜெர்சியில் இருக்கும் தம்பி அங்கத்திய பம்பின் படத்தை அனுப்பியிருந்தான். சாதா 87 என்று போட்டிருந்தது. நமக்கு 91! "அமெரிக்காக்காரனே 87 ஊத்துறான், நாம எங்கேயோ போயிட்டோம்" என்று குடும்பக் குழுவில் கொடியோடு ஒரு செய்தி போட்டேன். அவர்கள் இரண்டு விதச் சோதனைகளின் சராசரியைப் போடுகிறார்கள், நாம் ஒன்றை மட்டும் போடுகிறோம், அவர்களுடைய 87ம் நம்முடைய 91ம் ஏறக்குறைய ஒன்றுதான் என்று மகள் அதே குழுவில் பதில் போட்டாள். தம்பி அதற்கு விருப்பக் குறி வைத்தான்.

மச்சினன் விடுவதாயில்லை. 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் மதுரா ஆலையிலிருந்து 100 ஆக்டேன் பெட்ரோலே கொண்டுவந்திருக்கிறது, அதைப் போட்டுப் பாருங்கள் என்றான். விலையைக் கேட்டேன். பிறகு வேறு விஷயம் பேசினோம்.

இந்த நடுவில் சாதா பெட்ரோலே மாறிப்போய்விட்டது. 20 சதவீதம் எத்தனால் கலந்துதான் இப்போது வருகிறது. எத்தனாலின் ஆக்டேன் எண் ஏறத்தாழ 108.5, பெட்ரோலுடையது 84.4, இரண்டும் கலக்கும்போது 95 ஆக்டேன் கிடைக்கிறது என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் விளக்கம் கொடுத்தது. எத்தனாலில் சக்தி கம்மி என்பதால் மைலேஜ் சற்றுக் குறையும் என்பதையும் ஒப்புக்கொண்டது. அதாவது நான் எட்டு ரூபாய் கூடக் கொடுத்து வாங்கின பொறுமையை இப்போது கரும்பும் மக்காச்சோளமும் போட்டு சாதாக் குழாயிலேயே ஊற்றுகிறார்கள்.

கடைசியாக ஒரு பரீட்சை பாக்கி இருந்தது. ஏற்காடு. மெக்கானிக் அண்ணன் சொன்ன எல்லா நிபந்தனையும் அங்கே பொருந்தும். மே மாதம், இருபது கொண்டை ஊசி வளைவு, முழு ஏசி. வண்டிக்குள் நான், மனைவி, மகள், மச்சினன், மாமியார், மாமியார் மலையில் யாருக்கோ கொடுப்பதற்காகக் கொண்டுவந்த ஒரு முழுப் பலாப்பழம். டேங்க் நிறைய பிரீமியம், இந்தத் தடவை குழாயையும் பார்த்தேன், பில்லையும் பார்த்தேன். அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு, "இப்ப பாருங்க" என்று முதல் வளைவில் திருப்பினேன்.

முன்னால் ஒரு பஸ். அதன் பின்னால் ஒரு சிமெண்டு லாரி. அந்த லாரிக்குப் பின்னால் நான். முதல் வளைவிலிருந்து இருபதாவது வளைவு வரை மணிக்குப் பதினைந்து கிலோமீட்டரில் லாரியின் 'ஒலி எழுப்பவும்' என்ற எழுத்தையே படித்துக்கொண்டு போனேன். ஏழாவது வளைவில் மாமியாருக்குக் குமட்டியது. வண்டியை ஓரம் கட்டினோம். எலுமிச்சம்பழம் அதற்குத்தான் பயன்பட்டது. என் 999 சிசி, லட்சம் சுற்று விசிறி, லிட்டருக்கு எட்டு ரூபாய் கூடுதல் பொறுமை எல்லாம் அந்த லாரியின் புகைக்குள் அமைதியாகக் காத்திருந்தன. பெட்ரோல் பொறுமையாக இருந்ததற்கு நான் சாட்சி.

இறங்கி வந்தபிறகு மனைவி கணக்குப் போட்டாள். 35 லிட்டருக்கு எட்டு ரூபாய் வீதம் 280 ரூபாய். "அந்தக் காசுக்கு ஏழு தட்டுவடை செட் வாங்கியிருக்கலாம். ஆளுக்கு ஒண்ணு, மிச்சம் ரெண்டும் உங்களுக்கு." கார் மைலேஜைவிட எனக்கு இது உடனே புரிந்தது.

மறுநாள் காரைக் கழுவும்போது பெட்ரோல் மூடியைத் திறந்தேன். உள்பக்கம் ஆயுத பூஜைக்கு நானே அப்பிவைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து கெட்டியாக ஒட்டியிருந்தன. டயருக்கு, பானெட்டுக்கு, ஸ்டியரிங்குக்கு என்று வைத்தது போதாதென்று, பெட்ரோல் போகிற வாய்க்கும் அருள் கிடைக்கட்டும் என்று அன்று தாராளமாகப் பூசியிருக்கிறேன். ஈரத் துணியால் துடைத்தேன். குங்குமத்துக்கு அடியில் ஒரு ஸ்டிக்கர். கம்பெனியே ஒட்டியது. பெட்ரோல் குழாயின் படம், பக்கத்தில் ஒரே ஒரு எண்: 91.

நீங்களும் பிரீமியம் போடுவதா வேண்டாமா என்று மச்சினனைக் கேட்குமுன், உங்கள் வண்டியின் பெட்ரோல் மூடியைத் திறந்து உள்பக்கம் ஒருமுறை பாருங்கள். குங்குமம் மறைத்திருந்தால் ஈரத் துணியே போதும், சுரண்ட வேண்டாம், ஸ்டிக்கர் கிழிந்துவிடும்.