ஏழு நகரங்களும் ஒரு வாடகை வீடும்

சரித்திரப் பிரசித்தி பெற்ற மாநகரம் ஒன்றுக்கு மனைவியோடு உல்லாசப் பிரயாணம் போவதில் உள்ள லாபங்களையெல்லாம் விஸ்தாரமாக எடுத்துரைக்கும் ரெயில்வேக்காரர்களும் ஹோட்டல்காரர்களும் ஒரு சங்கதியை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் இடிந்து கிடக்கும் ஒவ்வொரு சுவரும், தம்பதிகளுக்குள் நெடுங்காலமாகத் தீர்ப்பாகாமல் இருக்கும் வழக்கில் ஏதாவது ஒரு கட்சிக்குச் சாட்சி சொல்லக் காத்திருக்கிறது என்பதே அது.

எங்கள் வழக்கு வீடு மாற்றுவதைப் பற்றியது. திருவல்லிக்கேணியில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டுக் குழாயில் சித்திரை பிறந்துவிட்டால் காற்று மட்டுமே வரும். ஆகையால் வேறு வீடு பார்க்கவேண்டும் என்பது என் மனைவியின் கட்சி. என் புஸ்தக அலமாரிகளைப் பெயர்ப்பது மனித யத்தனத்துக்கு அப்பாற்பட்ட காரியம், ஐப்பசி வரையில் பொறுத்திருந்தால் மழை வரும் என்பது என் கட்சி. இந்த நிலைமையில்தான் நாங்கள் தில்லிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

முதலில் குதுப் மினார். ஏறக்குறைய 73 மீட்டர் உயரமும் 379 படிகளும் உள்ள அந்த ஸ்தம்பத்தில், 1981-ஆம் ஆண்டு நேர்ந்த விபத்துக்குப் பிறகு யாரையும் ஏற விடுவதில்லை என்று கேட்டு என் முழங்கால்கள் பேரானந்தம் அடைந்தன. அந்த உற்சாகத்தில், அருகே சுமார் 1,600 ஆண்டுகளாகத் துருப்பிடிக்காமல் நிற்கும் இரும்புத் தூணைச் சுட்டிக்காட்டி, "ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதன் மகிமையைப் பார்த்தாயா?" என்றேன். வழிகாட்டி என்னும் அந்தப் பரம சத்துரு, இந்தத் தூணே வேறு எங்கிருந்தோ பெயர்த்துக்கொண்டு வந்து நடப்பட்டது என்பதுதான் சரித்திராசிரியர்களின் அபிப்பிராயம் என்றார். என் மனைவி அவருக்குத் தாராளமாக இனாம் கொடுத்தாள்.

தில்லியின் சரித்திரம் எனக்குப் பாதகமானது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. தில்லியை ஏழு நகரங்கள் என்று சொல்வது வழக்கம்; நிதானமாக யோசித்தால், முன்னவர் கட்டிய ஊரில் பின்னவர் குடியிருக்கச் சம்மதிக்காமல், சில மைல் தள்ளி வேறொன்று கட்டிக்கொண்டு போனதன் பலன்தான் அந்த ஏழும். கியாசுத்தீன் துக்ளக் 1321-இல் ஆரம்பித்த துக்ளகாபாத் கோட்டையை அவர் மகன் காலத்திலேயே கைவிட்டுவிட்டார்கள். அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் தண்ணீர்ப் பஞ்சமும் ஒன்று என்று கேட்டதும், என் மனைவி ஒன்றும் சொல்லாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்த மகனையே என் சாட்சியாக நான் அழைத்தேன். முகம்மது பின் துக்ளக் 1327-இல் தலைநகரத்தை ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள தௌலதாபாத்துக்கு மாற்றி, ஜனங்களை அலைக்கழித்து, பிறகு திரும்பி வந்த கதையை மிகுந்த உருக்கத்தோடு வர்ணித்தேன்.

"அவர் வீடு மாற்றியது தப்பில்லை, ஊரையே கூடக் கூட்டிக்கொண்டு போனதுதான் தப்பு. நாம் இரண்டு பேர்தானே?" என்றாள் அவள்.

ஃபிரோஸ் ஷா கோட்லாவில் என் கட்சி மேலும் க்ஷீணித்தது. டோப்ரா என்ற கிராமத்திலிருந்த அசோக ஸ்தம்பத்தைச் சாய்த்து, இலவம்பஞ்சும் நாணலும் தோலும் சுற்றி, 42 சக்கரங்கள் கொண்ட வண்டியில் ஏற்றி யமுனைக்கு இழுத்து வந்து, அங்கிருந்து படகுகளில் தில்லிக்குக் கொண்டுவந்திருக்கிறார் அந்த சுல்தான். இத்தனைக்கும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் சபையில் ஒருவருக்கும் தெரியாது. 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் வந்துதான் அந்த எழுத்தின் மர்மத்தை விடுவித்தார். "படிக்கத் தெரியாத தூணுக்கே இவ்வளவு சிரத்தை என்றால், நீங்கள் படிக்காத புஸ்தகங்களுக்கு ஒரு வண்டி பிடிக்கக்கூடாதா?" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

புராணா கிலாவில் சற்று நம்பிக்கை துளிர்த்தது. என் மனைவி உத்தேசித்திருந்தது ஒரு மாடிப் போர்ஷன். ஹுமாயூன் சக்கரவர்த்தியோ 1556-இல் இங்கே மாடிப்படியில் தவறி விழுந்துதான் உயிர் நீத்தார். "மாடி வாசம் சக்கரவர்த்திகளுக்கே ஆபத்து" என்றேன். "அவர் விழுந்தது புஸ்தகசாலையிலிருந்து இறங்கும்போது என்று பலகையில் போட்டிருக்கிறது. ஆபத்து மாடியிலா, புஸ்தகத்திலா?" என்றாள்.

செங்கோட்டையில் ஷாஜகான் தம்முடைய மாளிகைகளின் வழியே ஓடவிட்ட வாய்க்காலுக்குச் சொர்க்க நதி என்று பெயர். சலவைக்கல் பதித்த அந்தத் தடத்தின் எதிரில் என் மனைவி, சுவாமி சந்நிதியில் நிற்பதுபோல் நின்றாள். "இப்போது வறண்டுதானே கிடக்கிறது?" என்று நான் ஆட்சேபித்தேன். "குடித்தனக்காரர்கள் போய் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நம் வீட்டிலோ நாம் இருக்கும்போதே வறண்டு கிடக்கிறது!" என்றாள்.

என் கடைசி அஸ்திரம் புதுதில்லி. 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் ஊருக்கு வடக்கே ஓரிடத்தில் அஸ்திவாரக் கல் நாட்டிவிட்டுப் போக, அந்த இடம் சரிப்படாது என்று பிற்பாடு தீர்மானித்த அதிகாரிகள், அந்தக் கல்லையே பெயர்த்து ரைசினா பக்கம் கொண்டுபோனார்கள். 1931-இல் கிரகப்பிரவேசம் செய்தவர்கள் 1947-இல் காலி செய்துவிட்டார்கள். ஆகவே, தில்லியில் புது நகரம் கட்டியவர்களின் ராஜ்யம் நிலைப்பதில்லை என்ற ஐதிகத்தை நான் கம்பீரமாக எடுத்துச் சொன்னேன்.

"ராஜ்யம் இருக்கிறவர்கள் பயப்படட்டும், நமக்குப் போனால் ஒரு மாத அட்வான்ஸ் போகும்" என்று சொல்லி வழக்கை முடித்துவிட்டாள்.

திரும்பும் ரெயிலில், நாக்பூர் தாண்டியதும், வழிகாட்டிப் புஸ்தகத்தின் கடைசி வெற்றுப் பக்கத்தில் அவள் சாமான் பட்டியல் ஒன்று எழுத ஆரம்பித்தாள். எட்டிப் பார்த்தேன். முதல் வரி இப்படி இருந்தது: "புஸ்தகங்கள், அலமாரி நான்கு: எடைக்குப் போட. காரணம்: ஹுமாயூன்."