870 ஆடுகளும் ஒரு டம்ளர் காபியும்

காலை ஐந்தரை முதல் ஆறரை வரை எங்கள் வீட்டில் யாரும் என்னிடம் வாய் கொடுக்க மாட்டார்கள். தைராய்டு மாத்திரையை விழுங்கிவிட்டு, காபிக்கு அனுமதி இல்லாமல் நான் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் நேரம் அது. "வெறும் வயித்துல போடுங்கம்மா. அரை மணியாவது ஆகணும், ஒரு மணி நேரம்னா ரொம்ப நல்லது. உடனே காபி குடிச்சா மருந்து சரியா உள்ள போகாது" என்றார் டாக்டர். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளை நாலு மணி நேரம் தள்ளிப் போடச் சொன்னார். அதில் எனக்கு வருத்தமே இல்லை. அவற்றை யாரும் டிகாக்‌ஷன் இறக்கிக் குடிப்பதில்லை.

அத்தை மட்டும் அந்த நேரம் பார்த்துத்தான் பில்டரைத் தட்டுவார். அவருக்குச் சுகர். கணையம் இன்சுலின் விஷயத்தில் கையை விரித்துவிட்டது என்றாலும் காபிக்குத் தடையில்லை, சர்க்கரைக்கு மட்டும்தான். வாசனையை வீடெல்லாம் பரவவிட்டு, "உனக்கு இன்னும் நேரம் இருக்கில்லம்மா?" என்று கடிகாரத்தைப் பார்ப்பார். இந்தக் கேள்வி எந்தச் சுரப்பியிலிருந்து வருகிறதென்று மருத்துவ உலகம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

இத்தனைக்கும் காரணமான தைராய்டின் எடை சுமார் 20 கிராம். இரண்டரைப் பவுன். கல்யாணத்தில் எனக்குப் போட்ட செயினே அதைவிடக் கனம். அது பேங்க் லாக்கரில் சும்மா கிடக்கிறது. இது குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழாயை ஒட்டி உட்கார்ந்துகொண்டு உடம்பின் ஒவ்வொரு செல்லும் எந்த வேகத்தில் எரிய வேண்டும் என்று முடிவு செய்கிறது. இதயத் துடிப்பு, குடலின் நடமாட்டம், தலைமுடி, தோல், உடம்புச் சூடு எல்லாவற்றிலும் அதற்குப் பங்குண்டு. அது மந்தமானபோது அக்னி நட்சத்திரத்தில் நான் போர்வை கேட்டேன். ஃபேனை நிறுத்தச் சொன்னதும் வீட்டுக்காரர், "நாம ஊட்டிக்கு எப்போ வந்தோம்?" என்றார். மறுநாள் ரத்தம் கொடுத்தோம். டிஎஸ்எச் 11.

எதிர்வீட்டு அக்காவுக்கு அதைக் கேட்டுப் பொறாமை. "எனக்கு மூணுதான். உனக்கு நிறைய சுரக்குது போல." விஷயம் நேர்மாறு. டிஎஸ்எச் தைராய்டில் சுரப்பதே அல்ல. மூளைக்கு அடியில் எலும்புக் குழிக்குள் இருக்கும், அரை கிராம்தான் தேறும் பிட்யூட்டரி, தைராய்டுக்கு அனுப்பும் உத்தரவு அது. பிட்யூட்டரிக்கும் மேலே ஹைப்போதலாமஸ் என்று ஒரு மேலிடம் உண்டு. கீழே வேலை நடக்காவிட்டால் மேலிருந்து உத்தரவுகள் குவியும்.

இதை நான் பாதி சொல்வதற்குள் வீட்டுக்காரருக்கு மீதி புரிந்துவிட்டது. அவர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். "அதாவது மெமோ. 11னா கிட்டத்தட்ட 17பி சார்ஜ் மெமோ." மாத்திரை போட்டால் என்ன ஆகும் என்றும் அவரே சொன்னார். வேலையை வெளியாள் முடித்துக் கொடுத்துவிடுவான். ஃபைல் நகர்ந்ததை மேலிடம் பார்க்கும். யார் முடித்தது என்று கேட்காமல் மெமோவை நிறுத்திவிடும். ரத்தத்தில் தைராக்சின் (தைராய்டு சுரப்பதும் மாத்திரையில் இருப்பதும் அதுதான்) போதுமான அளவு இருந்தால் பிட்யூட்டரி டிஎஸ்எச்சைக் குறைத்துக்கொள்வதை இதைவிடத் தெளிவாக எந்த டாக்டரும் எனக்கு விளக்கியதில்லை. "ஆனா உடனே தெரியாது" என்று அதையும் அனுபவத்தோடு சொன்னார். உண்மைதான். ரத்தத்தில் இருக்கும் தைராக்சின் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். அதனால்தான் மாத்திரை அளவை மாற்றினால் ஆறு வாரமாவது கழித்து மறுபடி ரத்தம் கேட்கிறார்கள்.

மாத்திரை வருமுன் என்ன செய்தார்கள் என்று தேடிப் படித்தேன். 1891இல், இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மர்ரே என்ற இளம் டாக்டர், தைராய்டு ஓய்ந்து முகமெல்லாம் ஊதிப்போன 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டார். அந்த அம்மாள் எழுந்து நடமாடி, பிறகு அதே சாற்றை வாய்வழியாகவும் சாப்பிட்டு, 1919 வரை இருந்தார். அந்த 28 வருடங்களில் அவருக்காகச் சுரப்பி கொடுத்த ஆடுகள் 870க்கு மேல். இதை அத்தையிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வெள்ளிக்கிழமையுமா?" என்றார்.

அன்றிலிருந்து என் மாத்திரைப் பாட்டிலைப் பூஜை அலமாரிப் பக்கம் வைக்கவிடவில்லை. 1914 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் கெண்டல் என்பவர் தைராக்சினைத் தனியே பிரித்துவிட்டார், இப்போது தொழிற்சாலையில் ரசாயனமாகவே செய்கிறார்கள், இதில் ஆடு இல்லை என்று சத்தியம் செய்தேன். கெண்டல் அதை எடுத்தது பன்றியின் சுரப்பியிலிருந்து என்பதை மட்டும் சொல்லவில்லை. குடும்ப அமைதிக்கும் ஒரு ஹார்மோன் உண்டென்றால் அது இப்படித்தான் சுரக்கும்.

மகனும் சளைத்தவன் அல்ல. பதினாறு வயது, ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு முன் எழுப்ப முடியாது. வளரும் பிள்ளைகளுக்குத் தூக்கம் வரவழைக்கும் மெலடோனின் இரவில் தாமதமாகத்தான் சுரக்குமாம். அதை அவனே போனில் காட்டினான், படுத்தபடியே. அறிவியல் அவன் பக்கம் இருப்பதால் தண்ணீர் தெளிக்கும் உரிமையும் எனக்குப் போயிற்று.

இப்படி வீட்டில் ஆளுக்கொரு சுரப்பி இருக்க, வீட்டுக்காரருக்கு மட்டும் எதுவும் இல்லை. கல்யாணப் பந்தியில் இலை போடுவதற்குள் சொந்தக்காரர்கள் டிஎஸ்எச்சும் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியும் விசாரித்துக்கொள்ளும்போது அவர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருப்பார். பொறுக்க முடியாமல் போன மாதம் முழு உடல் பரிசோதனைக்குப் போனார். சர்க்கரை சரி, தைராய்டு சரி, எல்லாம் சரி. ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு பரீட்சையில் தோற்ற பையன் மாதிரி வந்தார். நான்தான் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, வைட்டமின் டி குறைவு என்று கண்டுபிடித்தேன். "வெறும் வைட்டமின்தானே" என்று சலித்துக்கொண்டார். பெயர்தான் வைட்டமின், கல்லீரலும் சிறுநீரகமும் மாற்றிக் கொடுத்த பிறகு உடம்பில் அது வேலை செய்வது ஹார்மோனாகத்தான் என்றேன். அப்படியே சட்டையைக்கூடக் கழற்றாமல் மதுரையில் இருக்கும் அவருடைய அக்காவுக்குப் போன் போட்டார்.