எழுத்துருச் சண்டையும் குப்பைத் தொட்டியும்

தொண்ணூறுகளில் இணையத்தில் தமிழ் பேச வேண்டுமென்றால் முதலில் வீட்டாரோடு சண்டை பிடிக்க வேண்டும். மோடம் கிறீச்சிட்டு இணைந்ததும் தொலைபேசி செத்துவிடும். ஊரிலிருந்து யார் அழைத்தாலும் எங்கேஜ் சத்தம்தான். அவ்வளவு பாடுபட்டு இறக்கிய மடலைத் திறந்தால் கட்டமும் கொக்கியுமாக நெளியும். அனுப்பியவர் முரசு அஞ்சல் மென்பொருளில் எழுதியிருப்பார், நம்மிடம் இருப்பதோ மயிலை எழுத்துரு.

சிட்னியிலிருந்து பாலா பிள்ளை நடத்திய தமிழ்.நெட் மடற்குழுதான் அன்று எங்கள் திண்ணை. எந்தத் தமிழ் எழுத்துக்குக் கணினியில் எந்த எண் என்பதற்கே சுவிட்சர்லாந்து, மலேசியா, தமிழ்நாடு என்று கண்டம் விட்டுக் கண்டம் வாக்குவாதம் நடந்த காலம் அது. கோபித்துக்கொண்டு போகிறவர் பக்கக்கணக்கில் பிரியாவிடை மடல் எழுதுவார். மறுநாள் வந்த பதில்களுக்கு அவரே பதில் எழுதுவார். அந்தச் சண்டைகளுக்கு நடுவேதான் திஸ்கி என்ற பொதுக் குறியீடு உருவானது. 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. முகம் பார்த்திராதவர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, இலவசமாக வலையேற்றினார்கள்.

இன்று மெல்பேர்ணின் ஓரத்திலுள்ள வெரிபீயில் என் சட்டைப்பைக்குள்ளேயே யூனிகோட் தமிழ் கிடக்கிறது. எங்கள் வட்டார வாட்ஸ்அப் குழுவில் அதைத் தொடுவார்தான் இல்லை. தமிழெல்லாம் ஆங்கில எழுத்தில் ஓடுகிறது. காலையில் ரோஜாப்பூ வணக்கம். அடுத்து, "இந்த வாரம் எந்தக் கலர் குப்பை பின் வெளியே வைக்கணும்?" பதில் ஏற்கெனவே இருக்கும். யாரும் மேலே தள்ளிப் பார்ப்பதில்லை. காற்றுத் திரும்பினால், "வாசம் வருதா?" 1890களிலிருந்து மெல்பேர்ணின் கழிவுநீரை வாங்கிக்கொள்ளும் ஊர் இது, இன்றும் ஏறத்தாழப் பாதி இங்கேதான் வருகிறது. கட்டைவிரல்கள் வரிசையாக ஆமோதிக்கும். மரணச் செய்திக்குக் கூப்பிய கைகள். அவற்றுக்கு நடுவே ஞாயிறு பிரியாணி ஓடர்.

அரசியல், மதம், சாதி கூடாது என்பது அட்மின் சட்டம். மிச்சமிருப்பது கறிவேப்பிலை. கன்று விற்றவர் விலையைச் சொல்லாமல் "தனியா மெசேஜ் போடுங்கோ" என்றதற்கே இரண்டு பேர் குழுவைவிட்டு வெளியேறினார்கள். பிரியாவிடை மடல் கிடையாது. பின்னேரம் திரும்பி வந்துவிட்டார்கள்.

போன குளிர்காலத்தில் ஓரிரவு எங்கள் வீட்டில் தண்ணீர்க் குழாய் வெடித்தது. குழுவில் ஒரு வரி போட்டேன். உடனே பிளம்பர்களின் எண்கள் குவிந்தன. அடுத்த தெருக்காரர் ஒருவர் பிஜாமாவோடு ஸ்பானரும் கையுமாக வந்து நின்றார். பழைய குழுவில் கேட்டிருந்தால் சிந்துவெளி வடிகால் பற்றி அருமையான கட்டுரை கிடைத்திருக்கும். எழுத்துரு பொருந்தியிருந்தால் முழங்கால் தண்ணீரில் நின்று படித்திருக்கலாம்.

ஆனால் அந்தக் கட்டுரையை இன்றும் வைத்திருப்பேன். பிளம்பர் எண் மறுவாரமே காணாமல் போயிற்று. குழுவில் மறுபடி கேட்டேன்.

"மேல தள்ளிப் பாருங்கோ அண்ணை" என்றார் அட்மின், ஒரு ரோஜாப்பூவோடு.