ரிலீவர் வரவில்லை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரோலிங் மில்லில் மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்த்து ரிட்டயரானவர் எங்கள் நைனா. அவரைப் பொறுத்தவரை வேலை என்றால் சங்கு ஊத வேண்டும், கார்டு பஞ்ச் பண்ண வேண்டும், சட்டை முதுகோடு ஒட்ட வேண்டும். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து தனக்குத்தானே இங்கிலீஷில் பேசிக்கொண்டிருப்பதை அவர் வேலைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தெருவில் யாராவது விசாரித்தால், "பையன் லீவுல இருக்கான்" என்பார். 2020-இல் ஊரடங்கு போட்டு, என்னை வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கச் சொன்னபோது ஆரம்பித்த லீவு அது.

அம்மாவுக்கு இந்தத் தத்துவமெல்லாம் கிடையாது. வீட்டில் இருக்கிறான், கை கால் இருக்கிறது, அவ்வளவுதான். சிலிண்டர்காரருக்குக் கதவு திறக்க, மூட்டுக்குத் தைலம் தடவ, தொலைந்துபோன ரிமோட்டைத் தேட என்று எல்லாவற்றுக்கும் ஆள் தயார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்த 2021-க்குப் பிறகு, சுகர், பிரஷர் மாத்திரையைத் தன்னார்வலர் அம்மாவே வீட்டுக்குக் கொண்டுவந்து தந்துவிடுகிறார். வந்தவருக்கு டீ போடுவது மட்டும் என் இலாகா.

நைனாவின் பார்வை மாறியது ஒரு ராத்திரி. அமெரிக்காக்காரன் பகல் நமக்கு ராத்திரி. ஒரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தவர், நான் இன்னும் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"காலையில பத்து மணிக்கு உக்காந்தவன்தானே நீ?"

"ஆமா நைனா."

"ஓ.டி. போடுறாங்களா?"

இல்லை என்றேன். நான் குடிக்கிறேன் என்று சொல்லியிருந்தால்கூட மனுஷன் இவ்வளவு உடைந்திருக்க மாட்டார். 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம், 59-ஆம் பிரிவு: நாளைக்கு ஒன்பது மணி நேரமோ வாரத்துக்கு 48 மணி நேரமோ தாண்டினால் இரட்டைச் சம்பளம் என்றிருந்தது. யூனியன் கூட்டத்தில் கேட்டது அவருக்கு இன்றைக்கும் மனப்பாடம். அந்தச் சட்டம் எங்கள் கூடத்துக்குச் செல்லாது என்று விளக்கினேன். "அப்போ இது வேலையே இல்லடா" என்று பழைய முடிவுக்கே திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார்.

இதற்கு நடுவில் அமாவாசை வரும்; அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும். திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் வைத்தியர் பெருமாள் ஆயிற்றே. ஹிருத்தாபநாசினி குளத்தில் வெல்லம் கரைத்தால் முட்டிவலியும் கரையும் என்பது அம்மாவின் கணக்கு. 1997 முதல் திருவள்ளூர்தான் எங்கள் மாவட்டத் தலைநகர். ஆனால் ரயிலில் போக வேண்டுமென்றால், சென்னைப் பக்கமாக பேசின் பிரிட்ஜ் வரை இறங்கி, அங்கே அரக்கோணம் வண்டிக்கு மாற வேண்டும். மாடிப்படி ஏறி இறங்கும் அந்த முட்டிக்காகத்தான் இந்தப் பயணமே என்பதைப் பெருமாள் கவனித்தாரா தெரியவில்லை. புனேயில் இருக்கும் மேனேஜரிடம் லீவு கேட்டால், "இது என்ன பண்டிகை?" என்றார். அமாவாசை என்றேன். "எப்போதெல்லாம் வரும்?" மாதா மாதம் என்றதும் அவர் குரலில் இருந்த பரிவு போய்விட்டது.

நைனா பங்குக்கு உயிர்ச் சான்று. 2014 முதல் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று நிர்ணயித்த பி.எஃப். பென்ஷன் அவருக்கு வருகிறது. அதற்காக வருஷத்துக்கு ஒருமுறை தான் சாகவில்லை என்று நிரூபிக்க வேண்டும். சென்டரில் விரலை வைத்தார். வைத்தார், துடைத்தார், எச்சில் தொட்டு வைத்தார். காய்ச்சின கம்பியோடு காலம் தள்ளிய விரலில் ரேகை எங்கே இருக்கும்? பிறகு முகத்தைக் காட்டினால் போதும் என்று வசதி வந்தது. போனை நீட்டி, "கண்ணைச் சிமிட்டு நைனா" என்றேன். முறைத்தார். "சிமிட்டாம இரு" என்றால் சிமிட்டினார். நைனா உயிரோடு இருக்கிறார் என்று அரசாங்கம் ஒப்புக்கொள்வதற்குள் என் மீட்டிங் ஒன்று செத்துப்போனது.

பெங்களூரில் இருக்கும் தங்கை ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவாள். "அண்ணா, அம்மாவை நல்ல ஆர்த்தோ டாக்டர்கிட்ட காட்டக் கூடாதா?" என்பாள். அவளை ஒன்றும் சொல்ல முடியாது. மாமனார், மாமியார் என்று அவளுக்கு அங்கே தனி பிளான்ட் ஓடுகிறது. மில்லில் ஒரு விதி உண்டு என்பார் நைனா: அடுத்த ஷிப்ட் ஆள் வராமல் மிஷினை விட்டு நகரக் கூடாது. ரிலீவர் வராத அன்றைக்கு அவர் பதினாறு மணி நேரமும் நின்றிருக்கிறார்.

போன வாரம் அம்மாவுக்குப் பிசியோதெரபி. அதே நேரத்தில் நான் சீட்டில் இருந்தாக வேண்டும். கொஞ்ச நேரம் கை வைக்காவிட்டால் என் பெயருக்குப் பக்கத்தில் எரியும் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். வேறு வழியில்லாமல் நைனாவிடம், "இந்த மௌஸை அப்பப்போ ஆட்டிட்டே இரு. வேற எதையும் தொடாதே" என்றேன். அவர் எழுந்துபோய் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, பையில் பேனா செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

திரும்பி வந்து பார்த்தால் மேஜைமேல் ஒரு பழைய டைரி. ஷிப்ட் லாக் புக் எழுதும் அதே சாய்ந்த கையெழுத்து:

"10.15 – பச்சை. 10.40 – பச்சை. 10.52 – மஞ்சள். உடனே சரி செய்யப்பட்டது. 11.05 – ஒரு ஆள் கூப்பிட்டார், இந்தி. ரிலீவர் பேசறேன் என்றேன். வைத்துவிட்டார். 11.30 – பச்சை."

"யாரு நைனா கூப்பிட்டது?" என்றேன் பதறி.

"சூப்பர்வைசர் மாதிரி இருந்தாரு. கடைசியில உன் கையெழுத்துப் போட்டு மிஷினை எடுத்துக்கோ. என் ஓ.டி. டபுள், ஞாபகம் இருக்கட்டும்."