மூணு மீட்டர் ராஜா

என்ன தம்பி, தே தாரேக்குச் சொல்லிட்டு அதைக் குடிக்காம லோங்காங் (சாக்கடை) ஓரமாப் போய் நிக்கிற? யார் மேல கோவம், அரசாங்கத்து மேலயா? நியாயந்தான். நம்ம மலேசியாவுல 2019 ஜனவரி 1லருந்து சாப்பாட்டுக் கடையில, வெளி மேசையிலகூட, சிகரெட் கூடாதுன்னுட்டாங்க. பத்தவைக்கணும்னா 3 மீட்டர் தள்ளிப் போகணும். மாட்டினா 10,000 வெள்ளி வரைக்கும் அபராதம், இல்லேன்னா 2 வருஷம் உள்ளன்னாங்க. என்ன அநியாயம்!

உன்னை மாதிரியே சூடு சொரணையுள்ள 7 பேர், உரிமை போச்சுன்னு உயர் நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. அதே வருஷம் தள்ளுபடி. உங்க அருமை கோர்ட்டுக்குத் தெரியல.

நான் உன் கட்சிதான்டா. ஒரு கணக்குத்தான் இடிக்குது. கோழி வாங்கப் போனா பூச்சோங் சந்தையையே மூணு சுத்து சுத்தி விலை பேசுற ஆளு நீ. அவ்வளவு வெள்ளி கொடுத்து வாங்கின புகையை மட்டும் ஊருக்கு ஓசியா விடுறியே? காசு போட்டவன் நீ, முழுசா முழுங்கு. நுனியில தானா எரிஞ்சு போகுதே, அதையும் சேத்து முழுங்கு. முழுங்கிக் காட்டு, சட்டமே வேணாம்னு நானே புத்ராஜெயாவுல மனு கொடுக்கிறேன்.

முடியாதா? அப்ப அந்த ஓசி யாருக்குப் போகுதுன்னு பாரு. பக்கத்து மேசைக்காரன் எழுந்து போயிருவான். தே ஆத்துற பையன் எங்க போவான்? வேலை முடியுற வரைக்கும் அங்கதானே நிக்கணும். வீட்டுல உன் பொண்டாட்டி எங்க போவா? ஜப்பான்ல ஹிராயாமான்னு ஒருத்தர் 1981லயே எழுதிட்டாரு: புருஷன் நிறைய ஊதினா, சிகரெட்டையே தொடாத பொண்டாட்டிக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுதலா வருதுன்னு. சிகரெட் கம்பெனிக்காரனுக்கு அந்த ஆராய்ச்சி மேல வந்த கோவம் கொஞ்சநஞ்சமில்ல. அடுத்தவன் விட்ட புகையால வருஷத்துக்கு 10 லட்சம் பேருக்கு மேல சாகுறாங்கன்னு உலகச் சுகாதார நிறுவனமும் சொல்லுது.

நம்ம சட்டமும் ரொம்ப வீரம் காட்டல. 2007லருந்து பிறந்தவங்களுக்கு ஆயுசுக்கும் சிகரெட் விக்கக் கூடாதுன்னு 2022ல மசோதா வந்துச்சு. 2023ல அந்தப் பிரிவை உருவிட்டுத்தான் நாடாளுமன்றத்துல நிறைவேத்தினாங்க. மிச்சம் இருந்தது 2024 அக்டோபர் 1ல அமலுக்கு வந்துச்சு. ஆக, கடையில சரக்கும் இருக்கு, லோங்காங் ஓரம் உனக்கு இடமும் இருக்கு. இன்னும் என்ன குறை உனக்கு?

என்னைக் கேட்டா 3 மீட்டர் பத்தாது, 10 ஆக்கணும். போய்ட்டு வா, தே ஆறுது.