நரியார் பிறந்தநாள்: நூம்பல் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

நாய்க்குக் கேக் வெட்டுகிறார்கள். பூனைக்கு வளைகாப்பு நடத்தி, வளையல் ஏறாத குறைக்கு வாலில் ரிப்பன் கட்டுகிறார்கள். மாட்டுக்குப் பொங்கல் உண்டு, பாம்புக்குப் பாலும் முட்டையும் உண்டு. நரிக்கு மட்டும் ஒரு நல்ல நாள் ஏன் இல்லை என்ற கேள்வியை அறிவுலகம் இதுநாள்வரை கண்டும் காணாமல் விட்டுவிட்டது. வீட்டில் வளரும் நரிக்குப் பிறந்தநாள் வந்தால், யாருக்கும் சேதாரமின்றி, கேஸ் ஆகாமல் அதைக் கொண்டாடி முடிப்பது எப்படி என்று வரையறுப்பதே இவ்வாய்வின் நோக்கம்.

களமாக நூம்பலைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் உண்டு. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியை ஒட்டிய ஊர். திருவேற்காட்டுக் கருமாரியம்மன் கூப்பிடு தூரம். கோலடி ஏரியும் அயனம்பாக்கம் ஏரியும் அக்கம்பக்கம். ஏரிக்கரையில் நரி ஊளையிட்டதைக் கேட்டே தூங்கினோம் என்று சொல்லும் தாத்தா இந்த வட்டாரத்தில் ஊருக்கு ஒருவராவது இருப்பார். நரி போய் ஃபிளாட் வந்த இடத்தில், ஃபிளாட்டுக்குள் நரி வந்தால் என்ன ஆகும் என்று பார்ப்பதுதானே ஆராய்ச்சி. போதாக்குறைக்கு நெடுஞ்சாலையிலேயே பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. விழா நாயகருக்கு 42 பல் என்பதை நினைத்தால் இது சிறிய வசதி அல்ல.

முதல் சிக்கல், நரி. நம் மண்ணுக்குரிய வங்காநரியைப் பிடித்து வளர்க்கலாம் என்று யாராவது எண்ணினால், அவர்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை ஒருமுறை புரட்டுவது நல்லது. 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வடிவில் வங்காநரி முதல் அட்டவணையில், புலியோடும் யானையோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கிறது. தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. ஆக, நரியின் முதல் மூன்று பிறந்தநாட்களையாவது நீங்கள் வேறு இடத்திலிருந்துதான் கொண்டாட நேரும். மதுரவாயலில் பைபாஸ் ஏறினால் அது நேரே புழலில் போய்த்தான் முடிகிறது என்பதும் இக்களத்தின் வசதிகளுள் ஒன்று.

வெளிநாட்டு நரி வாங்கினால்? சகாராப் பாலைவனத்து ஃபென்னெக் நரியைப் பலரும் கைபேசியில் பார்த்து உருகியிருப்பார்கள். எடை ஒன்று, ஒன்றரைக் கிலோ. உடம்பில் பாதி காது. பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள இதைப் போன்ற உயிர்களை வைத்திருப்பவர்கள் பதிவு செய்தாக வேண்டும் என்று 2024இல் மத்திய அரசு விதிமுறை கொண்டுவந்தது. பரிவேஷ் என்ற இணையதளத்தில் பதிவு. குட்டி போட்டாலும் தகவல் சொல்ல வேண்டும், செத்தாலும் சொல்ல வேண்டும். மறைத்துக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்கு மீனம்பாக்கம் விமான நிலையத்திலேயே சான்று இருக்கிறது. 2019 பிப்ரவரியில் பாங்காக்கிலிருந்து வந்த பயணியின் பெட்டிக்குள் ஒரு மாதச் சிறுத்தைக்குட்டி குரல் கொடுத்தது. குட்டி வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போனது, பயணி கைதானார்.

இந்த இடத்தில் நம் ஆய்வின் முதல் கண்டுபிடிப்பு நிகழ்கிறது. சகாரா நரிக்குத்தான் சர்க்கார் ஏட்டில் பிறந்தநாள் இருக்க வழியுண்டு. நம்மூர் நரிக்கு அது கிடையாது. பிறப்புச் சான்றிதழுக்கு அலைவது நம் எல்லோருக்கும் பழக்கம் என்றாலும், நரியின் நிலை இன்னும் பரிதாபம்.

பிறந்தநாள் எது என்பதில் இரு பள்ளிகள் உள்ளன. இயற்கைவாதிகள் சொல்வது: வங்காநரி மார்கழிக் குளிரையொட்டி இணைசேரும், ஐம்பது நாளைக்குச் சற்று மேல் சூல், மாசி பங்குனி வாக்கில் இரண்டு முதல் நான்கு குட்டி. சம்பவம் நடப்பது பல வாசல்கள் கொண்ட வளைக்குள். உள்ளே போய் மணி பார்த்தவர் இல்லை. ஆகவே ஜாதகம் கணிக்க வாய்ப்பில்லை.

இலக்கியவாதிகளோ ஆவணி மூலத்தை முன்வைக்கிறார்கள். மாணிக்கவாசகர் கதை தெரிந்ததே. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பணம் திருப்பெருந்துறைக் கோயிலுக்குச் செலவாகிவிட, சிவபெருமான் ஆவணி மூலத்தன்று காட்டு நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டிவந்தார். ஆய்வு நோக்கில் பார்த்தால், விலங்கின் இனத்தைத் தவறாக அறிவித்துச் சரக்கு ஒப்படைத்த சம்பவம் தமிழ்நாட்டில் இதுதான் மூத்தது. லாயத்தில் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டவர்கள் குதிரை என்றே வாங்கிக்கொண்டார்கள். இரவானதும் சரக்கு பழையபடி நரியாகி, லாயத்துப் பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடியது. நட்சத்திரம் பார்த்துப் பிறந்தநாள் கொண்டாடுகிறவர்களுக்கு ஆவணி மூலம் கைமேல் கிடைத்த நட்சத்திரம்தான். ஆனால் அன்று அவை பரியாகப் பிறந்தனவா, இரவில் நரியாக மறுபடி பிறந்தனவா என்ற வழக்கு தீரவில்லை. தீரும்வரை மாசியே இருக்கட்டும்.

அடுத்தது கேக். வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு பேக்கரியில் நிகழ்ந்த கள ஆய்வின் பதிவு பின்வருமாறு.

"அரைக் கிலோவாண்ணா, ஒரு கிலோவா?"

"பிறந்தநாள்காரரே மூணு கிலோதாம்மா."

"பேரு என்ன எழுதணும்?"

"நரி."

"செல்லப்பேரா? வயசு?"

"ஒண்ணு."

"அட, ஃபர்ஸ்ட் பர்த்டேவா! அப்ப மேல கிரீடம் வச்சிரலாம்ணா. சாக்லேட் ட்ரஃபிள் போட்டுரவா?"

போடக்கூடாது. சாக்லேட்டில் உள்ள தியோப்ரோமின் நாய்க் குடும்பத்துக்கு நஞ்சு. திராட்சை நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், உலர்ந்த திராட்சையும் அப்படியே; பிளம் கேக் அடிபட்டது. சர்க்கரைக்குப் பதில் சேர்க்கும் சைலிட்டால் அதைவிட மோசம். நரிக்கு ஏற்ற கேக் என்றால் அடியில் வெட்டுக்கிளி, நடுவில் எலி, ஓரத்தில் வயல் நண்டு, மேலே தூவ ஈசல், அலங்காரத்துக்கு நாவல்பழமும் வேப்பம்பழமும் வைக்க வேண்டும். வங்காநரியின் இயல்பான சாப்பாடு ஏறக்குறைய இதுதான். "எக்லெஸ்ஸாண்ணா?" என்ற கேள்விக்கு மட்டும் தயங்காமல் இல்லை என்று சொல்லலாம்.

இரவு 12 மணிக்குக் கேக் வெட்டும் இக்கால வழக்கம் நரிக்கு முழுக்கப் பொருந்துகிறது. அதுதான் அது விழித்திருக்கும் நேரம். மற்ற எதுவும் பொருந்தவில்லை. மணலுக்கடியில் பூச்சி நகர்வதைக் கேட்க அமைந்த காது ஃபென்னெக்குடையது. அதன் பக்கத்தில் ஸ்பீக்கர் பெட்டி வைத்து குத்துப்பாட்டு போடுவது எந்த வகையிலும் வாழ்த்து ஆகாது. பலூன் வெடித்தால் ரப்பர்த் துண்டை விழுங்கும். நுரை ஸ்ப்ரே கண்ணில் படும். வளை தோண்டப் பிறந்த நகம் ஹாலில் சோஃபாவைத் தோண்டும். எல்லை வகுக்க அது விடும் சிறுநீரின் நாற்றம் மூன்றாம் மாடிவரை ஏறி, மறுநாள் காலை அசோசியேஷன் வாட்ஸப் குழுவில் விவாதப் பொருளாகும். மிரண்டு யாரையாவது கடித்துவிட்டால் ரிட்டர்ன் கிஃப்ட் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காத்திருக்கும்: நாள் 0, 3, 7, 28 என்று நான்கு தவணை ஊசி. ரேபிஸ் விஷயத்தில் மட்டும் இக்கட்டுரை விளையாடவில்லை. கடிபட்டால் சோப்புப் போட்டுக் குழாயடியில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான்.

பழக்கினால் சரியாகாதா என்று கேட்பவர்கள் சைபீரியாவைப் பார்க்கலாம். நோவோசிபிர்ஸ்க் நகரில் 1959இல் டிமித்ரி பெல்யாயெவ் தொடங்கி, லுத்மிலா த்ரூத் கடைசிவரை நடத்திய சோதனை அது. பண்ணை நரிகளில் சாதுவானவற்றை மட்டும் தேர்ந்து இனம் பெருக்கினார்கள். சில தலைமுறைகளில் நரி வாலாட்டியது, கை நக்கியது, சிலவற்றுக்குக் காது தொங்கியது. அப்படியும் அது நாயாகவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் உழைப்பும், சைபீரியக் குளிரும், ஒரு சோவியத் ஆய்வு நிலையமும் இதற்குத் தேவைப்பட்டன. நூம்பலில் மே மாத வெயில்தான் இருக்கிறது.

சரி, நரிக்கு விழா எடுத்த முன்னோடிகளே இல்லையா? இருக்கிறார்கள். சேலம் மாவட்டம் வாழப்பாடி வட்டாரத்தில் சின்னமநாயக்கன்பாளையம், கொட்டவாடி போன்ற ஊர்களில் காணும் பொங்கலையொட்டி வங்காநரி ஜல்லிக்கட்டு நடத்தும் வழக்கம் உண்டு. நரி முகத்தில் விழித்தால் யோகம், விளைச்சல் பெருகும் என்பது நம்பிக்கை. காட்டில் வலை வைத்து நரியைப் பிடித்து, மாலை போட்டு, மேளதாளத்தோடு மாரியம்மன் கோயிலுக்கு ஊர்வலமாகக் கொண்டுவந்து, கயிறு கட்டிக் கூட்டத்துக்கு நடுவே ஓடவிட்டு, பிறகு காட்டில் கொண்டுபோய் விடுவார்கள். வனத்துறை பல ஆண்டுகளாகத் தடுத்துவருகிறது. பிடித்தவர்களுக்கு அபராதமும் விதித்திருக்கிறது. அந்த ஊர்க்காரர்களுக்கு நரிமேல் பகை எதுவும் கிடையாது. மாலை போடுவது மரியாதைக்குத்தான். மரியாதை யாருக்குச் செய்யப்படுகிறது என்பதில்தான் இடிக்கிறது. யோகம் ஊருக்கு, கயிறு நரிக்கு. நரி யார் முகத்தில் விழித்து அன்றைய நாளைத் தொடங்கியது என்று ஒருவரும் கேட்பதில்லை.

வாழப்பாடியைக் குறை சொல்லிவிட்டு நூம்பல் தப்ப முடியாது. பூந்தமல்லி சாலையில் ஏதாவதொரு மண்டபத்தில் முதல் பிறந்தநாள் விழாவுக்குப் போயிருப்பீர்கள். ஏ.சி. போதாத ஹாலில் ஒரு வயதுப் பிள்ளைக்கு வெல்வெட் கோட்டு, தலையில் அட்டைக் கிரீடம், கிரீடத்து ரப்பர் தாடையை அறுக்கிறது. கேக்கின் மேல் மத்தாப்பு சீறுகிறது. நாலு பக்கமும் பார்ட்டி பாப்பர் வெடிக்கிறது. பிள்ளை வீறிட்டு அழ, "இங்க பாரு, மாமாவைப் பாரு, சிரி" என்று கேமராக்காரர் கிலுகிலுப்பை ஆட்டுகிறார். மைக் பிடித்தவர் எல்லோரையும் ஜோராகக் கைதட்டச் சொல்கிறார். மாலை, கூட்டம், சத்தம், தப்பி ஓடத் துடிக்கும் நாயகர் என்று வாழப்பாடியின் எல்லா அங்கமும் இங்கே இருக்கிறது. வனத்துறை மட்டும் வருவதில்லை.

உருப்படியாக நரிக்கு விருந்து வைத்தவர்கள் என்றால் சுவிட்சர்லாந்துக்காரர்களைத்தான் சொல்ல வேண்டும். நரிகள் வழியே ரேபிஸ் பரவிய காலத்தில், 1978இல், ரோன் பள்ளத்தாக்கில் கோழித் தலைகளுக்குள் தடுப்பு மருந்தை வைத்துக் காட்டோரம் போட்டுவிட்டு வந்தார்கள். நரிகள் இரவில் வந்து தின்றுவிட்டுப் போயின. அழைப்பு இல்லை, போட்டோ இல்லை, நரி முகத்தில் விழித்தவரும் இல்லை. பிறகு பல நாடுகள் அதைப் பின்பற்றின. 1990களின் இறுதிக்குள் சுவிட்சர்லாந்தில் நரி ரேபிஸ் ஒழிந்தது.

இம்முன்மாதிரியைக் கொண்டு, நூம்பல் வட்டாரத்துக்கான மாதிரி அழைப்பிதழ் ஒன்று தயாரிக்கப்பட்டுள்ளது. விலங்குகளைத் தத்தெடுத்து அவற்றின் பராமரிப்புச் செலவை ஏற்கும் திட்டம் வண்டலூர் பூங்காவில் நடப்பில் இருப்பதால் மொய்ப் பிரச்சினையும் தீர்ந்தது. வாசகம் இது:

"அன்புடையீர், மாசிக்கும் பங்குனிக்கும் இடைப்பட்ட ஏதோவொரு நன்னாளில், வங்காநரிச் செல்வனின் முதலாம் பிறந்தநாள் விழா நடைபெற இருப்பதால், தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வராமலிருந்து விழாவைச் சிறப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். மொய் வண்டலூரில் பெற்றுக்கொள்ளப்படும். நேரம்: நீங்கள் தூங்கிய பிறகு. இடம்: வளை, எந்த வாசல் என்பது விழா நாயகருக்கு மட்டும் தெரியும்."