எண்ணூரில் பனிச்சரிவு எப்போது?

பெறுநர்:
தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம்,
சஃப்தர்ஜங் என்கிளேவ், புது டில்லி.

பொருள்: ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வீடுகளுக்கு மின்னல் பாதுகாப்பு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

முதற்கண் நன்றி. பேரிடர் நிவாரண நிதியை 2026 வரை எதற்கெல்லாம் செலவிடலாம் என்று மத்திய அரசு 2022-இல் தந்த நெறிமுறையில் பனிச்சரிவு இருக்கிறது. உறைபனியும் குளிர் அலையும் இருக்கின்றன. கத்திவாக்கத்தில் என்றைக்காவது பனி சரிந்தால் அரசு கைவிடாது என்ற தைரியத்தில் வடசென்னை மக்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

மின்னலோ அந்த நெறிமுறை பட்டியலிட்ட பன்னிரண்டு பேரிடர்களில் இல்லை. அதே 2022-இல் இந்தியாவில் மின்னல் தாக்கி இறந்தவர்கள் 2,887 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். இயற்கைச் சீற்றங்களால் அந்த ஆண்டு நேர்ந்த சாவுகளில் இது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். மாநிலங்கள் வேண்டுமானால் தங்கள் பேரிடர் நிதியில் 10 விழுக்காடு வரை உள்ளூர்ப் பேரிடருக்கு ஒதுக்கிக்கொள்ளலாமாம். ஒடிசா 2015-லேயே அப்படி அறிவித்துவிட்டது. பங்களாதேஷ் 2016-இல் மின்னலைத் தேசியப் பேரிடராகவே சேர்த்துக்கொண்டது. பட்டியல் போடுவது உள்துறை அமைச்சகத்தின் வேலை, ஆணையத்தின் வேலை அல்ல என்று பதில் வரும். தெரியும். கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்வதையே முன்னேற்றமாக எடுத்துக்கொள்ளும் பொறுமை இந்தப் பகுதிக்கு உண்டு.

எச்சரிக்கை வராமல் இல்லை. ராயபுரத்துக்குப் பக்கத்தில், துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டட உச்சியில், 2002 முதல் டாப்ளர் ரேடார் சுழன்றுகொண்டிருக்கிறது. புனே வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’ செயலி, செல்போன் வைத்திருப்பவரைச் சுற்றி 20 கிலோமீட்டர் வட்டத்துக்குள் மின்னல் வருமா என்று சொல்கிறது. ராயபுரத்தில் நின்று அந்த வட்டத்தைப் போட்டால் எண்ணூரும் அடங்கும், கிண்டியும் அடங்கும், பாதி வட்டம் கடலுக்குள் போகும். பரவாயில்லை, நல்ல செயலிதான். தகவல் வந்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் சிக்கல்.

ஆணையத்தின் அறிவுரைகளை மக்கள் ஊன்றிப் படித்திருக்கிறார்கள். வீட்டுக்குள் இருக்க வேண்டும், கணப்படுப்புக்கும் குளியல் தொட்டிக்கும் அருகில் போகக் கூடாது என்கின்றன அவை. எர்ணாவூர் சுனாமி குடியிருப்பில் இந்த விதி நூற்றுக்கு நூறு கடைப்பிடிக்கப்படுகிறது. அங்கே கணப்படுப்பும் இல்லை, குளியல் தொட்டியும் இல்லை. வெளியில் மாட்டிக்கொண்டால் தகரம் வேய்ந்த கட்டடங்களைத் தவிர்த்து, தாழ்வான இடம் பார்த்து ஒதுங்க வேண்டும், அந்த இடம் வெள்ளம் புகாததாகவும் இருக்க வேண்டும். கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் குடியிருப்பவரிடம் தாழ்வான, ஆனால் தண்ணீர் தேங்காத இடத்தைக் கேட்பது கொஞ்சம் அதிகம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தண்ணீரோடு மணலி சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெயும் சேர்ந்து வீட்டுக்குள் வந்த ஊர் இது.

தகரத்தைத் தவிர்க்கச் சொல்கிறீர்கள். சரி, வீடே தகரமாக இருந்தால்?

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. மின்னலிலிருந்து கட்டடங்களைக் காக்க இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐஎஸ்/ஐஇசி 62305 என்று ஒரு தரவிதி வைத்திருக்கிறது. அதன்படி தகரக் கூரையையே மின்னல் பிடிக்கும் முனையாக வைத்துக்கொள்ளலாம். தகரம் போதிய கனமாக இருக்க வேண்டும், விளிம்பிலிருந்து மண் வரை கம்பி இறங்க வேண்டும், அடியில் ஒழுங்கான எர்த் இருக்க வேண்டும். செங்கல் மேல் தகரத்தைச் சாய்த்து, காற்றில் பறக்காமலிருக்க பழைய டயரைத் தூக்கி வைத்த கூரைக்கு இந்த மூன்றும் கிடையாது. அஸ்பெஸ்டாஸ் ஓட்டில் மின்சாரம் பாயாது என்றாலும், அதன் மேல் நிற்கும் டிஷ் ஆன்டெனாவும் மாடிக்கு மாடி தாவும் கேபிள் வயரும் அந்தக் குறையைத் தீர்த்து வைக்கின்றன.

ஒரு மின்னலில் சாதாரணமாக 30,000 ஆம்பியர் பாயும். வீட்டு பிளக் பாயின்டு தாங்குவது 5 அல்லது 15 ஆம்பியர். மின்னல் வீட்டின் மேலேயே விழ வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தெருக்கோடி மின்கம்பியில் விழுந்தாலும் அந்த வீச்சு ஒயர் வழியாகவே வீடு தேடி வரும். மழை விட்ட மறுநாள் டி.எச். ரோட்டில் டிவி பழுது பார்க்கும் கடைகளுக்குப் போனால் இதன் கணக்கு தெரியும். பின்மூடியைக் கழற்றியதும் ஒரு கருகல் நெடி. மின்சாரம் நுழையும் இடத்தில் புளியங்கொட்டை அளவில் ஒரு வில்லை வெடித்துப் பிளந்திருக்கும், சுற்றிலும் கரி. “போர்டு போயிடுச்சிம்மா” என்பார் மெக்கானிக். அத்தோடு தீர்ப்பு முடிந்தது, மேல்முறையீடு இல்லை. வீட்டில் ஆர்.சி.சி.பி. போட்டிருக்கிறோமே என்று சிலர் வாதாடுவார்கள். அது மின்கசிவுக்கு. மின்னல் வீச்சைத் தடுக்க மெயின் போர்டில் ‘சர்ஜ்’ தடுப்பான் என்று தனியாக ஒன்று வேண்டும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

இந்த ஊரில் மின்னலைப் பற்றிய அறிவுக்குப் பஞ்சம் என்று ஆணையம் நினைத்துவிடக் கூடாது. மணலி சுத்திகரிப்பு ஆலை, கொருக்குப்பேட்டை எண்ணெய் முனையம், காமராஜர் துறைமுகத்தின் எரிவாயு முனையம், அனல் மின் நிலையத்துப் புகைபோக்கி எல்லாவற்றுக்கும் எர்த் உண்டு, அதைச் சோதிக்க விதிமுறை உண்டு. காம்பவுண்டுச் சுவருக்கு உள்ளே மின்னல் என்பது பொறியியல். சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் விழுந்தால் தலைவிதி.

உள்ளே இருப்பதும் சோதித்தால்தான் பயன். கியூபாவின் மத்தான்சாஸ் எண்ணெய்க் கிடங்கில் 2022 ஆகஸ்ட் 5 அன்று ஒரு தொட்டியில் மின்னல் விழுந்தது. இடிதாங்கி இருந்தது, அது போதவில்லை என்றார்கள் அதிகாரிகள். தீ அடுத்தடுத்துப் பரவி நான்கு தொட்டிகள் எரிந்தன. 17 பேர் இறந்தார்கள். ஆகவே சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் அந்தப் பக்கத்து எர்த் சோதனை முடிவைக் கேட்டால் அதை அதிகப்பிரசங்கித்தனம் என்று ஒதுக்க வேண்டாம்.

ஆணையத்தின் கவனத்துக்கு இன்னொரு கண்டுபிடிப்பு. இந்த வட்டாரத்திலேயே மின்னலுக்குப் பாதுகாப்பான புகலிடம் எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் டிரெய்லர் லாரிதான். நாலு பக்கமும் இரும்பு மூடிய பெட்டிக்குள் இருந்தால் மின்னல் உடம்பைத் தொடாமல் வெளிப்புறமாகவே தரைக்கு இறங்கிவிடும். கேபின் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கும் டிரைவருக்குப் பாதுகாப்பு, கன்டெய்னருக்குள் இருக்கும் ஏற்றுமதிச் சரக்குக்கும் பாதுகாப்பு. காசிமேட்டிலிருந்து ஃபைபர் படகில் போனவர்களுக்கு அதுவும் இல்லை. சுற்றிலும் தண்ணீர், அங்கே உயரமான பொருள் அவர்கள்தான்.

கோரிக்கைகள் பெரியவை அல்ல. வடசென்னை வளர்ச்சித் திட்டம் 4,181 கோடி ரூபாயில் 2024-இல் தொடங்கியது. பழைய வாரியக் குடியிருப்புகளை இடித்து அடுக்குமாடிகள் கட்டுகிறார்கள். தரவிதிப்படி கட்டடத் தூண்களுக்குள் இருக்கும் கம்பிகளையே மின்னல் இறங்கும் வழியாகப் பயன்படுத்தலாம். தூணுக்குக் கம்பி கட்டும்போதே மொட்டை மாடி முதல் அஸ்திவாரம் வரை இணைப்பு விடாமல் பார்த்துக்கொண்டால் போதும், செலவு சொற்பம். கான்கிரீட் போட்ட பிறகு நினைவுக்கு வந்தால் வெளியே தனிக் கம்பி இறக்க வேண்டும். இந்த ஊர் உப்புக்காற்றில் இரும்புக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், தாமிரக் கம்பி அதைவிடச் சீக்கிரம் காயலான் கடைக்குப் போகும். மீட்டர் போர்டுக்கு ஒரு சர்ஜ் தடுப்பானையும் ஒப்பந்தப் புள்ளியிலேயே சேர்க்கச் சொல்லலாம். கடல் நீர் நிலத்தடியில் ஊறிய ஊர் என்பதால் குடிக்கத்தான் தண்ணீர் இல்லை, எர்த் நன்றாகவே கிடைக்கும்; அரித்துப்போன ராடை அவ்வப்போது மாற்ற ஆள் வேண்டும்.

ஆணையத்தின் அறிவுரைகளில் ஓட்டு வீட்டுக்கும் தகர வீட்டுக்கும் தனியாக ஒரு பக்கம், தமிழில், படத்தோடு தேவை. அருகில் ஓடிப்போய் ஒதுங்கத்தக்க பள்ளிக்கூடம், சமுதாயக் கூடம் எது என்பது தெருவாரியாக அதில் இருந்தால் நல்லது. அந்தக் கட்டடங்களுக்கு முதலில் இடிதாங்கி போட்டுவிட்டு அச்சடித்தால் இன்னும் நல்லது.

கள ஆய்வுக்கு வருவதாக இருந்தால் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் வரவும். பகலெல்லாம் வெயில் காயும். பிற்பகலில் மேலைக்காற்றும் கடற்காற்றும் மோதி மேகம் எழும்பும், பொழுது சாய்ந்தபின் இடி தொடங்கும். மாலை 5 மணிக்கு நெட்டுக்குப்பம் பேருந்து நிறுத்தத்தில் ஆள் வந்து அழைத்துப்போவார். இரவு தங்க அஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீடு ஒன்று ஒழித்து வைக்கப்படும். கணப்படுப்பு வசதி இல்லை என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
காம்பவுண்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் குடியிருப்போர்.

நகல்: உள்துறை அமைச்சகம் (பட்டியலில் பதின்மூன்றாவது வரி காலியாக இருந்தால் நிரப்பும் பொருட்டு).